துடைத்த இலைகள்

முப்பது வருட வேலையில் லிஃப்ட் மெக்கானிக்குக்கு மசியாத மெஷின் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு தொட்டிச் செடி மூன்று மாதமாக அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

செடி மகளுடையது. யார் யார் காலையோ பிடித்து அவர் வாங்கிக் கொடுத்த வேலையை நாலே மாதத்தில் உதறிவிட்டு வேறு ஊருக்குப் போனவள், போகிறபோது அதை ஜன்னலில் விட்டுப் போயிருந்தாள். தடித் தடியாகச் சதைப்பிடிப்பான இலைகள், பூவிதழ் போல அடுக்கடுக்காக. ஞாயிறுதோறும் போன் வரும். அம்மாவிடம் அரை மணி நேரம் சிரித்துப் பேசுவாள். அப்பாவின் கைக்குப் போன் வந்தால் ஒரே கேள்விதான், செடி எப்படி இருக்கிறது என்று. நன்றாக இருக்கிறது என்பார். அதோடு சரி. பெற்ற அப்பன் இருக்கிறானா போனானா என்று கேட்க வாய் வரவில்லை, இத்துணூண்டு செடிக்கு இத்தனை விசாரிப்பு. அவருக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் செடி செத்தால் அந்த ஒரு கேள்வியும் நின்றுபோகுமே என்று பயந்து, பார்த்துப் பார்த்துக் கவனித்தார்.

இந்த ஞாயிறு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாள். மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தால் இலை முழுக்க மாவு பூசினது போல வெள்ளை. தூசியோடு ஒரு மெஷினை அவர் யாரிடமும் ஒப்படைத்ததில்லை. பழைய பனியனை நனைத்து, இலை இலையாக, இடுக்கெல்லாம் விரலை விட்டு ஒரு மணி நேரம் துடைத்தார். செடி பச்சைப் பசேலென்று பளபளத்தது. பாத்திரமா தேய்க்கிறீர்கள் என்று மனைவி கேலி செய்ததைக் கூடக் காதில் போட்டுக்கொள்ளாமல் படத்தை அனுப்பினார்.

பத்தே நிமிடத்தில் போன். முதல் முறையாக அவருடைய எண்ணுக்கே.

“என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க? வெயில் தாங்கறதுக்கே அந்த வெள்ளைதான். துடைச்ச இலைக்கு அது திரும்ப வராதுப்பா.”

அவருக்குச் சுள்ளென்று ஏறியது. முதுகு வேறு விண்ணென்று வலித்துக்கொண்டிருந்தது.

“அப்ப நீயே வந்து எடுத்துட்டுப் போ. மூணு மாசமா அதைத்தான் கேக்கற. என்னை ஒரு நாளாவது கேட்டிருக்கியா?”

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வைக்கவில்லை.

“உங்களைக் கேட்டா உடனே அந்த வேலைப் பேச்சை எடுப்பீங்க. அந்தப் பயத்துலதான் செடியைக் கேக்கறேன்.”

இல்லை என்று சாதிக்க அவரால் முடியவில்லை. இப்போதுகூட, என் மானத்தை வாங்கிவிட்டுப் போனாயே என்கிற வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது. மூன்று மாதமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. அதை விழுங்கினார்.

“அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்,” என்றார். “இப்பக் கேளு.”