கை நனைத்த பிறகு

எங்கள் ஊர்க்காரர்கள் யாரையும் முகத்துக்கு நேரே மறுத்துப் பேச மாட்டார்கள். இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்கள். இப்போதெல்லாம் அந்தப் பெருமையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கோயம்புத்தூரை ஒட்டியுள்ள எங்கள் கல்லூரியில் நான் மாணவர் பேரவைச் செயலாளர். பெயர் புவனா. எங்கள் பேரவை ஓர் அகில இந்திய மாணவர் அமைப்பில் உறுப்பினர். அதனால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு இந்த வருடம்தான் விடை கிடைத்தது. விடுதிக் குடிநீர்த் தொட்டியில் புழு மிதந்ததைப் படமெடுத்து வெளியிட்டதற்காகச் சாஜிதா பேகத்தைக் கல்லூரி இடைநீக்கம் செய்தது. விசாரணையில் அவளுக்காகப் பேச ஒரு வக்கீலை அனுப்புவதாக அமைப்பு சொன்னது. உறுப்பினராக இருக்கும் கல்லூரி என்றால் அவர் உள்ளே வந்து உட்காரலாம். வந்தால் சாஜிதா தப்பிப்பாள். வராவிட்டால் கடைசி செமஸ்டர் எழுதாமலே வீட்டுக்குப் போவாள்.

உடனே நிர்வாகத்துக்கு வெளியாட்கள் மேல் வெறுப்பு வந்துவிட்டது. நிர்வாகத்துக்கு வேண்டிய வகுப்புப் பிரதிநிதிகள் சிலர், அமைப்பிலிருந்து விலகத் தீர்மானம் கொடுத்தார்கள். எல்லாப் பிரதிநிதிகளும் கூடி ஓட்டுப் போட வேண்டும். எங்கள் பக்கம்தான் ஆள் அதிகம். எனக்குப் பயமே இல்லை.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு, தாளாளர் அரங்கசாமி உடுமலைப்பேட்டைப் பக்கம் இருக்கும் தன் தோட்டத்து வீட்டுக்குப் பிரதிநிதிகள் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டார்.

போக வேண்டாம் என்று பேரவைத் தலைவர் அருள்குமாரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"பெரியவர் கூப்புட்டுப் போகாம இருந்தா நல்லாவா இருக்குமுங்க? போயி சாப்புட்டுப்போட்டு வந்து, நம்ம ஓட்டை நாம போடுவோம். சோத்துக்கும் ஓட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றான்.

நான் மட்டும் போகவில்லை. அதையும் நேரே சொல்லவில்லை, காய்ச்சல் என்றேன். நானும் இந்த ஊர்க்காரிதானே.

போய் வந்தவர்கள் சந்தகையையும் தேங்காய்ப்பாலையும் பற்றியே பேசினார்கள். தாளாளரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒப்புட்டுக்கு நெய் ஊற்றினாராம்.

"ஓட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசலீங்க. தங்கமான மனுசன்," என்றான் அருள்குமார்.

பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கை நனைத்த வீட்டுக்கு எதிராக இங்கே யாரும் கை தூக்க மாட்டார்கள் என்று அந்த மனிதருக்குத் தெரியும்.

கூட்டத்தன்று அவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். "நீங்க பேசுங்க கண்ணு, நான் சும்மா பாத்துட்டுப் போறேன்," என்றார்.

ஒருவர் கேட்டு இன்னொருவர் வழிமொழிந்தால் ரகசிய ஓட்டு என்பது எங்கள் விதி. நான் எழுந்து கேட்டேன். வழிமொழிய ஒருவரும் எழவில்லை. எங்கள் பக்கம் நிற்பதாக என்னிடம் சொன்னவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"ஐயாவை ஒக்கார வெச்சுக்கிட்டு ஒளிச்சு ஓட்டுப் போட்டா, அவரு மனசு சங்கடப்படுமுங்களே புவனா," என்றான் அருள்குமார்.

சாஜிதாவின் மனசைப் பற்றி யாரும் பேசவில்லை. விலகலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது, முதலில் தயங்கி, பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் தூக்கினார்கள். அருள்குமாரும் தூக்கினான். எனக்கு அழுகை வரவில்லை. காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

உள்ளே வர அனுமதி இல்லாததால் சாஜிதா வாசலுக்கு எதிரே பேக்கரியில் காத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். பின்னாலேயே அருள்குமார் வந்தான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சாஜிதா. எங்களுக்கு வேற வழி தெரியலீங்க," என்றான். டீ சொல்லி, வந்த கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினான். "குடிங்க. மொகமே வாடிப் போச்சு."

அவள் கிளாஸைத் தொடவில்லை.

"வேண்டாமுங்க. குடிச்சுப்போட்டா அப்பறம் உங்க மேல கோவப்பட முடியாதுங்க. எனக்கு அதாச்சும் மிச்சம் இருக்கட்டும்."

பஸ் வந்தது. பையை எடுத்துக்கொண்டு ஏறிப் போனாள். அருள்குமார் அந்த டீயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ஏனுங்க புவனா, இப்படியா மரியாதை இல்லாமப் பேசுவாங்க?" என்றான்.