பெயர் எழுதிய சாக்கு

அன்று வெங்காயப் பட்டறையில் இருந்தவர்கள் மூன்று பேர். நாற்காலியில், கால்மேல் கால் போட்டு, லூர்துநாதன். எதிரே, தைத்து வைத்த மூட்டைமேல் அவர் மனைவி அமுதா. தராசுத் தட்டில், தொழில் பழக்கத்தால், தரகர் இன்னாசி. லூர்துநாதன் மடியில் ஒரு கடிதம்.

எழுதியவள் தங்கை பாக்கியம். சிலோனில் தேயிலைத் தோட்டத்தை விட்டு, புருஷனோடு கிளிநொச்சிப் பக்கம் காடு திருத்தி வெங்காயம் போட்டவள். சிலோன் அரசாங்கம் வெளிச்சரக்குக்குக் கதவைத் திறந்ததும், கம்பம் பள்ளத்தாக்கே வெங்காயம் நட்டது. லூர்துநாதனும் நட்டார். மற்றவர்கள் மூட்டையில் அடையாளமாக ஒரு கோடு, ஒரு வட்டம் போட்டு அனுப்பினார்கள். கையெழுத்துக்குப் பள்ளியில் பரிசு வாங்கியவர் அப்படிச் செய்யலாமா? பெயர், ஊர், தாலுகா மூன்றையும் சிவப்பு மையில் சாக்குதோறும் எழுதினார். இல்லாவிட்டால் வெங்காயம் வழி தவறிவிடும் பாருங்கள்!

கடிதத்தை மறுபடி வாசித்தார்.

“அண்ணே, சந்தையில எங்க வெங்காயத்தைக் கேக்க நாதியில்ல. பக்கத்துல மலையாட்டம் இந்தியா மூட்டை. அதுல ஒம் பேரு. இவுக பாத்ததுலருந்து எங்கூடப் பேசல. அது ஒன்னோடது இல்லைன்னு ஒரு வரி எழுது.”

“எழுதிருங்கண்ணே, ஒரு வரிதான?” என்றார் இன்னாசி. “வேற எவனோ லூர்துநாதன்னு சொல்லிருங்க.”

“எந்தக் கையால எழுதுவாக?” என்றாள் அமுதா. “சாக்குல இருக்குற அதே எழுத்துலயா?”

இன்னாசி சிரித்ததில் தராசு ஆடியது.

“இனிமே சிலோனுக்கு ஒரு மூட்டை போகாது!” என்றார் லூர்துநாதன், வீராப்பாக.

“நீங்க நிறுத்துனா பக்கத்துத் தோட்டத்து ராக்கையா அனுப்புவாக. அதுனால ஒங்க மச்சான் சரக்கு வித்துருமா?” என்றார் இன்னாசி.

“இதை எங்கன கொட்டுறதாம்?” என்று அமுதா, தான் உட்கார்ந்திருந்த மூட்டையைத் தட்டினாள்.

வீராப்பு, உள்ளூர் வெங்காய விலைபோல இறங்கியது. பேனாவைத் திறந்தார்.

“தங்கச்சிக்கு, மூட்டை என்னுடையது. எழுத்தும் என்னுடையது. பெருமைக்கு எழுதினேன், அது உன் அடுப்படிவரை வந்துவிட்டது. வெங்காயம் இனியும் வரும், எனக்கு வேறு வழி தெரியவில்லை. பெயர் வராது. பெயரில்லாத மூட்டை எதைக் கண்டாலும் அண்ணன் என்று நினைத்துத் திட்டு. இதை மச்சானிடம் படித்துக் காட்டு. கோபம் என்மேல் இருக்கட்டும்.”

உறையை ஒட்டித் திருப்பினார். பெயர், ஊர், தாலுகா. கை தானாகவே சுழித்தது.

“அதையாச்சும் சின்னதா எழுதுங்க,” என்றாள் அமுதா.

பெயரில்லாத மூட்டைகள் லாரி ஏறின. கடிதத்தைத் தபாலில் சேர்க்க, இன்னாசி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அதே லாரியில் ஏறினார்.