தன்னூன் செதுக்கிய வாசல்

நூலகத்துக்குப் போட்டி வைத்திருக்கிறார்கள் என்று மைசலூன் வந்து சொன்னபோது நான் கோதுமை மாவில் கறி வைத்துக் கிப்பா தட்டிக்கொண்டிருந்தேன். மைசலூன் என் தம்பி கானிமின் மகள், கட்டடக்கலை படித்தவள். சண்டை முடிந்ததிலிருந்து அப்பாவும் மகளும் மோசுல் நகரில் ஆற்றின் இடதுகரையில் என் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

“என்ன போட்டி? அழகிப் போட்டியா?” என்றான் கானிம்.

“கட்டடம் வரையற போட்டிப்பா. உலகத்துல யார் வேணும்னாலும் வரைஞ்சு அனுப்பலாம். ஜெயிக்கிறவங்க வரைஞ்சபடி நம்ம நூலகத்தைத் திரும்பக் கட்டுவாங்க.”

“இடிக்கும்போது போட்டி வைக்கலையே. எல்லாரும் ஒத்துமையா சேர்ந்துதானே இடிச்சாங்க.”

அவன் வாயை யார் மூடுவது? ஆனால் அடுத்து அவள் சொன்னதைக் கேட்டதும் தானாகவே மூடிக்கொண்டான். நூலகத்துக்குப் பின்னாலிருக்கிற சந்தும் போட்டிக்குள் வருகிறதாம். அந்த வீடுகளை வைத்துக்கொள்வதோ எடுத்துவிடுவதோ வரைகிறவர்கள் இஷ்டமாம். கானிமின் வீடு அந்தச் சந்தில்தான் இருக்கிறது. பாதி விழுந்துவிட்டது, மீதி நிற்கிறது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தால் போதும், பாலம் தாண்டிப் போய் இடிபாட்டை வாரிக் கொட்டிவிட்டு, தலையெல்லாம் சுண்ணாம்பாக வந்து நிற்பான். கூரை போட அனுமதி கேட்டால், நூலகம் என்ன ஆகிறது என்று முடிவாகட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆக, ஜெயிக்கிற வரைபடத்தில் சந்து இருந்தால் அவனுக்கு வீடு உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

“நீ வரை. சந்தை விட்டுடாதே, அவ்வளவுதான்” என்றான்.

சாப்பாட்டு மேசை அவளுடையதாகிவிட்டது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தெருவுக்கு மின்சாரம் விடுகிற ஜெனரேட்டர்காரன் சொன்ன நேரத்துக்கு முன்னால் நிறுத்தும்போதெல்லாம் மாடியிலிருந்து அவனைத் திட்டுவது என் வேலை. சந்தின் ஒரு வளைவைக்கூட அவள் விடவில்லை, நூலகத்தோடு சேர்த்துத் தைத்த மாதிரி வரைந்தாள்.

“இதுல பேர் எழுதக் கூடாது அத்தை. வெறும் எண்தான். யார் வரைஞ்சதுன்னு தெரிஞ்சா தள்ளிடுவாங்க.”

“அதுவும் நல்லதுதான்டி. இல்லேன்னா மந்திரி மருமகனுக்குத்தானே கிடைக்கும்?”

கடைசியாக நூலக வாசலை வரைந்தாள். எங்கள் ஊர் சலவைக்கல்லில் செய்த வாசல் அது. இப்போது துண்டு துண்டாகக் கிடக்கிறது. அடியில் ஒரு வரி இருக்கும்: ‘இதைச் செய்தவன் எளியவன் தன்னூன், இறைவன் அவனை மன்னிப்பானாக.’ அதில் பெருமை ஒன்றும் கிடையாது. கடந்து போகிறவர்கள் செய்தவனுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளத்தான் எங்கள் ஊர்க் கல்தச்சர்கள் அப்படி எழுதிவைப்பார்கள். தன்னூன் எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா. குடும்பப் பெயரே அதுதான்.

கானிம் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். “கடைசி எழுத்தோட வால் இப்படி நேரா போகாதுடா கண்ணு. கல்லுல ஒரு வெடிப்பு இருந்துச்சு. அதுல படாம மேலே ஏத்திவிட்டிருப்பார்.”

அவள் அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். மூன்று பேரும் அந்தத் தாளின் மேல் கவிழ்ந்து பார்த்தோம். சரியாக வந்துவிட்டது என்று எனக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அது வாசலின் எழுத்து. அதில் போய் எங்கள் பெயர் இருக்கிறதென்று யாருக்குத் தோன்றும்?

அனுப்பினோம். ஒரு மாதம் ஆகியிருக்கும். வரைபடத்தில் பெயர் இருப்பதால் தள்ளிவிட்டோம் என்று பதில் வந்தது. மைசலூன் போன் போட்டு, எங்களுக்கும் கேட்கும்படி வைத்தாள். போட்டி நடத்துகிறவர்களின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். வெளியூர் அரபு, மரியாதையான குரல்.

“அது என் பேர் இல்லைங்க. வாசலைச் செதுக்கினவர் பேர். நான் பிறக்கறதுக்கு எத்தனையோ காலம் முன்னாடியே அங்க இருந்தது.”

“உங்க குடும்பப் பேர் தன்னூன்தானே சகோதரி?”

“ஆமா.”

“வரைபடத்துல இருக்கறதும் தன்னூன்தானே?”

“ஆமா, ஆனா அவர் என்னோட...”

“எனக்குப் புரியுது. ஆனா மத்த போட்டியாளர்கள் கேட்டா நாங்க என்ன பதில் சொல்றது? நடுவர்கள் பார்வைக்கே அது போகல.”

கானிம் போனைப் பிடுங்கினான். “ஏம்மா, அப்ப வேற யார் பேரைப் போடணும்? உன் பேரைச் சொல்லு, போட்டுடறோம்!”

அந்தப் பெண் கோபப்படவில்லை. “ஐயா, அந்த வரியை எழுதாம விட்டிருக்கலாம்” என்றாள்.

அவன் போனை மகளிடம் கொடுத்துவிட்டான்.

ஜெயித்த வடிவத்தின் மாதிரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைத்தார்கள். போக வேண்டாம் என்றேன், கானிம் கேட்பானா? மூவரும் போனோம். பொய் சொல்லக் கூடாது, நூலகம் அழகாகத்தான் இருந்தது. வாசலில் எழுத்தே இல்லாமல் வழவழவென்று கல். பின்னால் சந்து இல்லை. தளம் போட்ட வெட்டவெளி, குட்டி மரங்கள், விரல்நகம் அளவு பிளாஸ்டிக் மனிதர்கள்.

கானிம் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். “இங்க வீடெல்லாம் இருந்துச்சேம்மா” என்றான், விளக்கம் சொல்ல நின்றிருந்த பெண்ணிடம்.

“அது திறந்தவெளி ஐயா. வர்றவங்க தள்ளி நின்னு நூலகத்தைப் பார்க்கறதுக்கு.”

“நாங்க ஜன்னல்லேர்ந்தே பார்ப்போம்” என்றான். அவளுக்குப் புரியவில்லை, சிரித்துவைத்தாள்.

பிறகு மைசலூனுக்கு ஒரு வேலை வந்தது. ஜெயித்தவர்கள் கூப்பிட்டிருந்தார்கள். சந்து வீடுகளை எடுப்பதற்கு முன் அளந்து பதிவு செய்ய உள்ளூர் ஆள் வேண்டுமாம். இரண்டு நாள் கழித்துத்தான் எங்களிடம் சொன்னாள்.

“நான் போகலேன்னா வேற யாராவது போவாங்கப்பா.”

“நீயே போ. வேற எவனும் சமையலறைக்குள்ள பூட்ஸோட நுழைய வேண்டாம்.”

அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அவனே போனான். நானும் கூடப் போய், முற்றத்தில் விழுந்து கிடந்த ஒரு கல்மேல் உட்கார்ந்தேன். அவள் எண்ணைச் சொல்லச் சொல்ல, ‘ம்’ என்று அடுத்த மூலைக்கு நகர்ந்தான். கூடம் முடிந்தது, படுக்கையறை முடிந்தது. சமையலறைக்கு எதிர்ச்சுவர் இல்லை.

“எங்கே பிடிக்கட்டும்மா?” என்றான்.

“சுவர் இருந்த இடத்துல நில்லுங்கப்பா.”

முன்னே ஓரடி வைத்தான். யோசித்துவிட்டு அரையடி பின்னால் வந்தான். நாடாவை நெஞ்சோடு வைத்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். அவள் அளவைப் பார்த்து எழுதிக்கொண்டாள்.