நடுநிலைப் பசு

விடுதிக்காரர் ஏசஹெல் ஒருபோதும் ஒற்றைத் தும்மலோடு நிறுத்தியதில்லை. இடப்பக்கம் ஒன்று வந்துவிட்டால், வலப்பக்கம் திரும்பி இன்னொன்றை வரவழைத்துக்கொள்வார். கடலுக்கு அப்பால் பிரான்சும் இங்கிலாந்தும் போரில் இறங்கியதிலிருந்து ஸ்டோன்ஹாவன் துறைமுகம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. விடுதியின் இடப் பெஞ்சில், தொப்பியில் மூவண்ண நாடா குத்திய பிரெஞ்சுக் கட்சி. வலப் பெஞ்சில், கறுப்பு நாடா குத்திய ஆங்கிலேயக் கட்சி. நாட்டின் தலைவரோ எவர் பக்கமும் சேராதிருக்கும்படி அறிக்கை விட்டிருந்தார். அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த ஒரே குடிமகன் ஏசஹெல்தான். பாஸ்டன் செய்தித்தாளைக்கூட ஒரு பத்தி இடம் பார்த்தும் ஒரு பத்தி வலம் பார்த்தும் வாசிப்பார்.

அவருடைய பசு, பொதுப் புல்வெளியில் மேய்ந்துவிட்டு ஒரு சந்து வழியே வீடு திரும்பும். சந்தின் ஒருபுறம் பீப்பாய் செய்யும் ஈனாக், மூவண்ணக்காரர். மறுபுறம் கப்பல் முதலாளி ஜாபெஸ், கறுப்பு நாடாக்காரர். ஒருநாள் ஈனாக் பசுவை மறித்தார்.

"இது எதிரி வீட்டுக்குப் போற சரக்கா இருந்தா? சோதனை போட்டுத்தான் விடுவேன்!" என்று பாதிப் பாலைக் கறந்துகொண்டார்.

"அவன் சோதனை போட்டா நான் மட்டும் வேடிக்கை பார்ப்பேனா?" என்று மீதியை ஜாபெஸ் கறந்தார்.

அன்றிலிருந்து பசு நாள்தோறும் மடி வற்றி வந்தது. ஏசஹெலின் மகள் கெசையாவுக்குத் தாய்ப்பால் நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. கைக்குழந்தை அந்தப் பசுவை நம்பியே இருந்தது. வேறு வீட்டில் பால் வாங்கலாம். வாங்கினால் அந்த வீட்டுக் கட்சியில் சேர்ந்ததாகிவிடாதா? ஏசஹெல் வாங்கவில்லை. சோளக்கூழைக் குழந்தை துப்பியது. ஐந்தாம் நாள் அழக்கூட அதற்குத் தெம்பில்லை.

ஊர்க் கூட்டம் கூடியது. பசுவைத் தடையின்றி விடவேண்டும் என்பது தீர்மானம்.

"மடியில இருக்கிற வரைக்கும் பாலும் பசுவும் ஒண்ணுதான். பசு நடுநிலைன்னா பாலும் நடுநிலை!" என்றார் ஒருவர்.

"எதுய்யா நடுநிலை? நேத்து ஜாபெஸ் வேலியோரமாவே மேஞ்சுதே! லஞ்சம் வாங்கின மாடுய்யா அது!" என்றார் ஈனாக்.

கை தூக்கச் சொன்னார்கள். ஆதரவு இருபத்துமூன்று, எதிர்ப்பும் இருபத்துமூன்று. எல்லோரும் ஏசஹெலைப் பார்த்தார்கள். அவர் இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமர்ந்திருந்தார்.

"நான் நடுநிலை" என்றார். தீர்மானம் தோற்றது.

வாசலில் கெசையா குழந்தையோடு நின்றிருந்தாள். "உங்க மாடு, உங்க பேத்தி. இதுல என்னப்பா நடுநிலை?"

"ஒரு பக்கம் சாயக் கூடாதேன்னுதாம்மா…"

"பசிக்கு எதிர்ப்பக்கம் யாருப்பா?"



மறுநாள் மாலை பசுவுக்கு முன்பே ஏசஹெல் சந்தில் நின்றார். ஈனாக் முக்காலியோடும் ஜாபெஸ் வாளியோடும் வந்தார்கள்.

"தள்ளுங்கய்யா. இன்னைக்குச் சோதனை கிடையாது."

"ஓஹோ! நீர் இப்ப எந்தப் பக்கம்?" என்றார் ஜாபெஸ்.

"என் பேத்தி பக்கம்."

"அந்தக் கட்சிக்கு நாடா என்ன நிறம்?" என்று ஈனாக் மெய்யாகவே கேட்டார்.

ஏசஹெல் ஈனாக்கின் முக்காலியைப் பிடுங்கி அமர்ந்து, ஜாபெஸின் வாளியில் கடைசிச் சொட்டுவரை கறந்தார். நுரை அடங்குமுன் அதைக் கொண்டுபோய் மகளிடம் கொடுத்தார்.

"நேத்து கை தூக்காதது என் தப்பும்மா. மன்னிச்சுக்கோ."

அப்போது அவருக்கு ஒரு தும்மல் வந்தது. பின்னாலேயே வந்திருந்த இருவரும் இரண்டாவதற்காகக் காத்து நின்றார்கள். அவர் திரும்பவில்லை, குழந்தை குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.