பட்டி பார்த்த புதன்

அறிவியல் காட்சியகத்தில் பிளாஸ்டர் மாதிரிகள் செய்யும் அவளை எல்லோரும் ‘பிளாஸ்டர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டு வேலைக்கு வந்தவள், கூடத்தில் நின்ற புதன் கிரகத்தைப் பார்த்ததும் கைப்பையை நழுவவிட்டாள். ஆளுயர உருண்டையில் விண்கல் விழுந்த குழிகளை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். மற்ற இடமெல்லாம் முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருந்தது. ஐந்து வாரம் படங்களைப் பார்த்துப் பார்த்து அவள் எழுப்பிய செங்குத்து மேடுகளில் ஒன்றைக்கூடக் காணோம்.

“யாருண்ணே இதைப் பண்ணது?”

“கண்காணிப்பாளர் சார்தாம்மா சொன்னாரு. விரிசல் விட்டிருக்கு, பட்டி பாருன்னாரு. ரெண்டு கோட் போட்டுத் தேய்ச்சிட்டேன்” என்றார் பெயிண்டர். முகத்தில் பெருமை வேறு.

அவள் விறுவிறுவென்று கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள்.

“புதுச் சாமான்ல விரிசல் இருந்தா என்னைத்தாம்மா கேப்பாங்க” என்றார் அவர், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

“அது விரிசல் இல்ல சார். அந்தக் கிரகத்தோட உள்சூடு கோடிக்கணக்கான வருஷமா ஆறிக்கிட்டே வருது. ஆற ஆற உள்ள சுருங்குது. மேல் ஓட்டுக்கு இடம் பத்தல. நெருக்கி, உடைஞ்சு, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்து மேல ஏறிடுது. அந்த மேடுதான் சார் அதெல்லாம்.”

“எவ்வளவு சுருங்குச்சாம்?”

“ஆரத்துல ஏழு கிலோமீட்டர் வரைக்கும் இருக்கலாம்ங்கிறாங்க.”

“அவ்வளவு பெரிய கிரகத்துல ஏழு கிலோமீட்டரா? யாரு கண்ணுக்குத் தெரியப்போகுதும்மா?”

மேடுகளோடு சேர்த்து அவர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தையே எடுத்துக் காட்டினாள். தினம் நூறு காகிதம் வருகிறது என்றார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் அலுத்துப்போய், “நாளன்னிக்குத் திறப்பு விழா. முடிஞ்சா பேத்துக்குங்க. ஆனா ‘இது விரிசல் இல்லை’ன்னு ஒரு போர்டு வெச்சிடணும்” என்றார்.

ஈரத்துணியும் மெல்லிய கத்தியுமாக அவளும் பெயிண்டரும் வேலையில் இறங்கினார்கள். “போட்டதும் என் கை, பேக்கிறதும் என் கையா” என்று பெயிண்டர் முனகிக்கொண்டே சுரண்டினார். பட்டி சும்மா வரவில்லை. அடியிலிருந்த மேட்டையும் பிடுங்கிக்கொண்டு வந்தது. மேடுகளிலேயே நீளமானது மூன்று துண்டாகக் கையோடு வந்தபோது, அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, புதிதாக பிளாஸ்டர் மாவு குழைத்தாள்.

திறப்பு நாளுக்குள் பாதி உருண்டைதான் தேறியது. சிறப்பு விருந்தினர் நேராகப் போய், பட்டி உரிக்காத மறுபாதியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே அவளுடைய சொந்த அக்கா போன் செய்தாள். “பேப்பர்ல பார்த்தேன்டி உன் உருண்டையை. என்னமா வழவழன்னு செஞ்சிருக்கே!”

“ஆமாக்கா” என்று போனை வைத்துவிட்டு, பெயிண்டரைத் தேடிப் போனாள். இன்னும் பாதி கிரகம் பாக்கி இருந்தது.