பூஜைக்குக் கழற்றிய தகடு

இரண்டு நாளாக டொமினிக்குக்குச் சோறு இறங்கவில்லை. ஈஜிபுராவில் கிடங்கு கட்டுகிற இடத்தில் அவன் வாடகைக்கு எடுத்து நிறுத்தியிருந்த கலவை மெஷின், ஆயுத பூஜையன்று பட்டப்பகலில் களவு போய்விட்டது. சங்கிலியை அறுத்து லாரியில் ஏற்றியதைப் பார்த்தவர்களும் உண்டு. மெஷின்காரர்தான் எடுத்துப் போகிறார் என்று நினைத்தார்களாம். நினைப்பார்கள், அவர்களுக்கென்ன! மெஷின் தொலைந்தால் தன் விவேக் நகர் வீடு மெஷின்காரருக்கு என்று கையெழுத்துப் போட்டவன் டொமினிக் அல்லவா?

கொத்தனாராக இருந்து சின்ன காண்ட்ராக்டர் ஆனவன் அவன். ஞாயிறு பூசை முடிந்து வந்து, அவனும் மனைவி கேத்தரினும் கல் சுமந்து கட்டிய வீடு அது.

"இன்ஷூரன்ஸ் இருக்குதில்ல, ஏன் அழுவுற?" என்று காலையில் அவளை அதட்டிவிட்டுத்தான் வந்திருந்தான். திருட்டு, சேதம் இரண்டுக்கும் பாலிசி இருந்தது. அவன் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பு அதுதான்.

பதினோரு மணிக்கு இன்ஷூரன்ஸ் அதிகாரி சேஷகிரி வந்தார். அறுந்த சங்கிலியைப் பார்த்தார். மெஷின் நம்பர் என்ன என்று கேட்டார்.

"நம்பர் பத்திரமா கீது சார்!" என்று ஷெட்டுக்குள் ஓடினான் கோவிந்தன். பன்னிரண்டு வருஷமாக டொமினிக்கோடு இருக்கும் கொத்தனார். திரும்பி வந்தபோது அவன் உள்ளங்கையில், சந்தனமும் குங்குமமும் வைத்த பித்தளைத் தகடு பளபளத்தது. மெஷினில் நம்பர் பொறித்திருந்த தகடு.

பூஜையன்று ஆட்கள் கரணை, தூக்குக்குண்டு என்று கொத்து வேலைச் சாமான் எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்களாம். மெஷின் ஷெட்டுக்குள் நுழையாது. அதனால் அதற்குப் பதிலாகத் தகட்டைக் கழற்றி, புளி போட்டுத் தேய்த்து வைத்தானாம் கோவிந்தன். பொரியும் பூசணிக்காயும் வாங்கிக் கொடுத்த டொமினிக்குக்கு இது தெரியாது.

சேஷகிரி டொமினிக்கைத் தனியே அழைத்துப் போனார்.

"திருடறவன் முதல்ல நம்பர் பிளேட்டைத்தான் கழட்டுவான். அது உங்க ஷெட்லயே இருக்கே. நீங்களே மெஷினை வித்துட்டேள்னு கம்பெனி சொல்லும்."

"மாதா சத்தியமா சார், அது பூஜைக்கு..."

"நான் நம்பறேன். ஃபைல் நம்பாது." குரலைத் தாழ்த்தினார். "தகட்டைக் கழட்டின அந்த ஆள் திருடனுக்கு உடந்தைன்னு போலீசுக்கு எழுதிக் கொடுங்கோ. திருட்டு கேஸ் நிக்கும், பணம் வரும். இல்லேன்னா கிளெயிமை மறந்துடுங்கோ."

டொமினிக்குக்குக் கோவிந்தனை ஓங்கி அறையலாம் போலிருந்தது. முட்டாள், பைத்தியக்காரன்! அந்த முட்டாள்தான் கூலி வாங்காமல் அவன் வீட்டுக்கு வாசல் நிலை வைத்துக் கொடுத்தவன். அழுகையாக வந்தது. கேத்தரினை எந்தத் தெருவில் கொண்டுபோய் உட்காரவைப்பது?

சேஷகிரியின் பேனாவை வாங்கினான். சிமெண்ட் மூட்டைமேல் காகிதத்தை வைத்து நாலு வரி எழுதினான். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

கோவிந்தன் எட்டிப் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது.

"இன்னா எழுதிக்கிறீங்க மேஸ்திரி?"

"தகட்டைக் கழட்டினது நீதான்னு."

"நெசந்தானே அது!"

முதல் வரி நிஜம்தான். மற்ற மூன்று வரிகளை டொமினிக் படித்துக் காட்டவில்லை. சேஷகிரி மைப்பெட்டியை நீட்டினார். கோவிந்தன் கட்டைவிரலை அழுத்தி வைத்து, மையைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டான்.

"இதால வூடு தப்பிச்சிடுமா மேஸ்திரி?"

"தப்பிச்சிடும்."

"அப்பாடா! ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல." கோவிந்தன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ, நாளைக்கு வேலைக்கு வரட்டுமா?"

டொமினிக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எப்பவும் போல எட்டு மணிக்கு வந்துடு" என்றான் பாவி.