சம்பந்தியை முந்த ஒரு டர்போ

கிளட்ச் அக்கா என்ற பெயர் அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் வைத்தது. டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "கிளட்ச்... கிளட்ச்... மெதுவா விடுங்க" என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை ஜபிக்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வாரம் முழுக்க நத்தையோடு போட்டி போடுகிற அந்த மனுஷிக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு முகம்.

ஊருக்கு வெளியே, விமானங்கள் வருவது நின்றுபோன ஓர் ஓடுதளம் இருந்தது. கார்ப் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து அங்கே ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்து, வளைவும் நெளிவுமாக ஒரு பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார். யார் குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறார்களோ அவர்கள் முதல். அக்காவிடம் இருந்தது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, மேற்கூரையை மடக்கிவிடக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கட்டிக்கொடுத்த மகளைவிட இரண்டு வயது மூத்தது. அதை வைத்துக்கொண்டு பல வருஷம் முதல் மூன்று இடத்துக்குள் வந்துகொண்டிருந்தாள். எந்த வளைவில் எவ்வளவு மிதிக்கலாம் என்று அந்த வண்டிக்கும் அவளுக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. வாங்கினதிலிருந்து அதைப் பார்த்துக்கொள்கிறவன் அவள் தம்பி. சொந்தமாக ஒரு கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான்.

அப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டது அவளேதான். மகளுடைய மாமனார் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, பொழுது போகாமல் வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடப்பதாக மகள் சொன்னாள். பாவமே என்று அக்கா அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடுதளத்துக்குக் கூப்பிட்டாள். வந்தார், பார்த்தார், அடுத்த மாதம் ஒரு புத்தம் புது ஸ்போர்ட்ஸ் காரில் வந்து இறங்கினார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

அவர் ஓட்டியதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஸ்டியரிங்கைக் கண்ணாடிச் சட்டத்தைப் பிடிப்பதுபோல் நுனிவிரலால் பிடித்துக்கொண்டு, வளைவுக்குள் நுழைந்தபிறகு பிரேக்கைத் தேடுகிற ஆள். ஆனால் வண்டி அவரை விழவிடவில்லை. எங்கே சறுக்கப் பார்த்தாலும் அதுவே தாங்கிப் பிடித்துக்கொண்டது. அக்கா ஒரு நிமிஷம் பதினெட்டு விநாடியில் சுற்றி வந்தாள். சம்பந்தி ஒரு நிமிஷம் பதினாறு.

இறங்கி வந்தவர் பெருமைகூடப் பட்டுக்கொள்ளவில்லை. "நான் ஒண்ணும் பண்ணல சம்பந்தியம்மா. வண்டியே பாத்துக்குச்சு" என்றார்.

பெருமைப்பட்டிருந்தால் தேவலை. அந்த ஒரு வாக்கியம் அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. மறுநாள் முதல் வேலையாகத் தம்பியின் ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றாள்.

"டர்போ வைடா."

தம்பி துணியில் கையைத் துடைத்தபடி வண்டியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். எஞ்சின் வெளியே தள்ளுகிற புகையின் வேகத்திலேயே ஒரு விசிறியைச் சுழற்றி, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அடைத்து, பலத்தைக் கூட்டுகிற சமாச்சாரம் அது. வைக்கத் தெரியாதவன் இல்லை.

"வைக்கலாங்கா. ஆனா இந்த வண்டியில இருக்கற ஒவ்வொண்ணும் அந்தப் பழைய பலத்துக்குன்னு பண்ணது. ஒண்ணை மாத்தினா ஒம்பதை மாத்தணும்."

"முதல்ல ஒண்ணை மாத்து."

மாற்றினான். வண்டியை எடுத்துக்கொண்டு புறவழிச்சாலையில் ஒரு மிதி மிதித்தாள். முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு ஒரு நாள் அவள் சந்தோஷமாக இருந்தாள். சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் டர்போவின் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினாள். தபால் பிரிக்கும் வேலையில் பேசாமலே இருந்து பழகிப்போன அந்த மனுஷன், "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனார்.

மூன்றாம் நாள் எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. புதுப் பலத்தைத் தாங்க முடியாமல் கிளட்ச் வழுக்கிவிட்டது. கிளட்ச் அக்காவின் வண்டியிலேயே கிளட்ச் போய்விட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் ஒருத்தன் விடாமல் சிரித்தான். தம்பி முறைத்த பிறகுதான் அடங்கினான். கெட்டியான கிளட்ச் போட்டார்கள். அதை மிதிக்க யானைக்கால் வேண்டும். அவளுக்கு இருந்ததோ, நாள் முழுக்கக் காரில் மடங்கியே கிடந்து தேய்ந்த முழங்கால். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

அடுத்து எஞ்சின் கொதித்தது. பெரிய ரேடியேட்டர் வேண்டும் என்றான் தம்பி. அது உள்ளே நுழையவில்லை. முன்பக்க பம்பரை அறுத்தார்கள். அழகாகச் சிரித்துக்கொண்டிருந்த முகம் பல் போன முகமாயிற்று. பிறகு, ஓடுகிற வேகத்துக்குப் பழைய பிரேக் நிற்கவில்லை. பெரிய பிரேக் போட்டால் பழைய சக்கரம் அதன்மேல் உட்காரவில்லை. சக்கரத்தை மாற்றினால் அது ஓரத்தில் உரசியது. ஒரு ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று ஒழுகுகிற பழைய கூரைபோல வண்டி அவளை மேலும் கீழும் ஓடவைத்தது. ஒவ்வொரு தடவையும் "இதோட முடிஞ்சுதாடா?" என்று கேட்பாள். தம்பி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். அவன் கால்களோடுதான் அவள் பேசவேண்டியிருந்தது.

அதற்குள் இரண்டு மாதத்துப் போட்டி ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. வண்டி இல்லாமல் அவள் வேலியோரம் நின்று சம்பந்தி ஓட்டுவதைப் பார்த்தாள். அவர் ஒவ்வொரு சுற்றிலும் அவளைப் பார்த்துக் கையாட்டினார்.

கோபம் எங்கேயாவது போய் இறங்கித்தானே ஆகவேண்டும். ஸ்கூலில் ஒரு நர்ஸ் கற்றுக்கொண்டிருந்தாள். வண்டியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தப் பழகுகையில் மூன்றாம் தடவையும் கோணிக்கொண்டதும், அக்கா தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டாள். இரண்டு பேர் தலையும் முன்னால் போய் வந்தது.

"அக்கா, பக்கத்துல எதுவும் இல்லையே" என்றாள் நர்ஸ்.

"இருந்திருந்தா?"

நர்ஸ் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை நீட்டினாள். "நான் வேணா நாளைக்கு வர்றேனே. உங்களுக்கு இன்னைக்கு என்னவோ சரியில்ல." நோயாளியிடம் பேசுகிற மாதிரியே இருந்தது அந்தக் குரல்.

அன்று சாயங்காலம் மகள் போனில் கூப்பிட்டாள். "அம்மா, எங்க மாமா இப்ப மறுபடியும் கடையில வந்து உட்கார்ந்துக்கிறார். கண்ணாடி வாங்க வர்றவங்ககிட்ட எல்லாம் என்ன சொல்றார் தெரியுமா? எங்க சம்பந்தியம்மா ரேஸ் ஓட்டறவங்க, அவங்களைப் பாத்துதான் நானே ஆரம்பிச்சேன்னு. பவர் செக் பண்ண வந்தவரை அரை மணி நேரம் உட்கார வெச்சுச் சொல்லிட்டிருந்தார்."

மனசாரத் திட்டக்கூட வழியில்லாமல் போயிற்று. கெட்ட மனுஷனாக இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது மாத ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி தயார். தம்பியும் கூட வந்தான். கூம்புகளின் நடுவே அவள் வண்டியை நிறுத்தி, மூச்சை இழுத்து, கொடி இறங்கியதும் மிதித்தாள். நேர்ப்பாதையில் வண்டி பறந்தது. அந்த இடம்வரைக்கும் எல்லாம் சரி. வளைவு வந்தது. முன்னால் ஏற்றிவைத்த கனத்தில் வண்டி திரும்ப மாட்டேன் என்று நேராகப் போகப் பார்த்தது. அடக்கித் திருப்பினாள். வளைவிலிருந்து வெளியேற மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. சரி, இன்னும் கொஞ்சம் என்று மிதித்த பிறகு டர்போ திடீரென்று விழித்துக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்கி வீசியது. இரண்டு கூம்புகள் பறந்தன. ஒவ்வொரு வளைவிலும் இதே கூத்து. இத்தனை வருஷம் சொன்னதைக் கேட்ட வண்டியோடு ஒரு சுற்று முழுக்கச் சண்டை போட்டு முடித்தாள்.

ஒரு நிமிஷம் பத்தொன்பது. கூம்பைத் தட்டினால் கூட்டுகிற தண்டனை விநாடிகளைச் சேர்க்காமலே.

டர்போ இல்லாத பழைய நேரத்தைவிட ஒரு விநாடி அதிகம். ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தம்பி கிட்டே வந்தான்.

"மூணு மாசம்டா" என்றாள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே. நேர்ல வேகம் இருந்து என்ன, இந்த எடம் முழுக்க வளைவு..."

"சொன்னவன் ஏன் வெச்ச?"

"நீ வைன்ன, வெச்சேன். என் கடை வேலையை எல்லாம் தள்ளிப்போட்டு வெச்சேன். இப்ப என் தலையிலேயே போடு." அவன் திரும்பி நடந்துபோய் வேறு யாருடைய காரையோ பார்ப்பதுபோல் நின்றுகொண்டான்.

அந்த நேரம் பார்த்து சம்பந்தி வந்தார். கையில் அவருடைய வண்டிச் சாவி. "சம்பந்தியம்மா, உங்க வண்டிக்கு இன்னைக்கு மனசு சரியில்ல போலிருக்கு. என்னுதை ஒரு சுத்து ஓட்டிப் பாருங்களேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் உள்ளே இருந்த ஆத்திரம் வேறு மாதிரி யோசித்தது. ஏறி உட்கார்ந்து, இது வண்டியே இல்லை, சக்கரம் வைத்த டிவி என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு இறங்கலாம். சாவியை வாங்கிக்கொண்டாள்.

ஒரு நிமிஷம் பதின்மூன்று விநாடி. அன்றைக்கு அந்த இடத்தில் யாரும் தொடாத நேரம். வேலியோரம் நின்றவர்கள் கைதட்டினார்கள். அக்கா மெதுவாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். வண்டி நன்றாக இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை. கேட்ட இடத்தில் திரும்பியது, கேட்ட இடத்தில் நின்றது, முழங்கால் வலிக்கவில்லை. நாலாவது வளைவில் தன்னையறியாமல் சிரித்துவிட்டதை நல்லவேளை ஹெல்மெட் மறைத்தது.

"எப்படி?" என்று சம்பந்தி ஆவலாக எட்டிப் பார்த்தார்.

"முன் டயர்ல காத்து கொஞ்சம் கம்மி" என்றாள்.

"அது சரி, நீங்க மூணு விநாடி என்னைவிட முன்னாடி வந்துட்டீங்களே, அது எப்படி? எனக்குச் சொல்லிக் குடுங்களேன்."

இருபது வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த பழக்கம் பொல்லாதது. தப்பைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. "நீங்க வளைவுக்குள்ள போனப்புறம் பிரேக் போடறீங்க. முன்னாடியே போட்டு முடிச்சிடணும். அப்புறம் கண்ணு கூம்பு மேல இருக்கு. போகவேண்டிய எடத்துமேல இருக்கணும்." சொல்லச் சொல்ல, தன் வாயைத் தானே தைத்துக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. ஆனாலும் சொல்லி முடித்தாள். சம்பந்தி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

மறுவாரம் ஒர்க்‌ஷாப்பில் அக்காவும் தம்பியும் அரை நாள் பேசிக்கொள்ளவில்லை. டர்போவைக் கழற்று என்று அவள் சொன்னபோது அவன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டான். அவன் ஆசை ஆசையாகப் பொருத்திய குழாய் வேலை எல்லாம் அதில் இருந்தது. கடைசியில் அவள்தான் போய்க் கூப்பிட்டாள்.

"உன் வேலைல தப்பு இல்லடா. நான் கேட்டதுதான் தப்பு."

"இதை அன்னைக்கு அத்தனை பேர் முன்னால சொல்லியிருக்கலாம்."

"இப்ப சொல்றேன்ல."

அவன் உள்ளே வந்து, கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துக் கழற்ற ஆரம்பித்தான். டர்போ போயிற்று, பெரிய ரேடியேட்டர் போயிற்று, கெட்டிக் கிளட்ச் போயிற்று. பிரேக்கையும் சக்கரங்களையும் மட்டும் அப்படியே விட்டான். நல்ல பிடிப்புள்ள டயர் போட்டு, தொய்ந்துபோன ஸ்பிரிங்குகளை மாற்றி, வளைவில் வண்டி சாயாதபடி செய்தான். அறுத்த பம்பரை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பல் போனது போனதுதான்.

அடுத்த மாத ஞாயிற்றுக்கிழமை வண்டி பழையபடி பேச்சைக் கேட்டது. பழையதைவிட ஒரு படி மேலேயே கேட்டது. எல்லா வளைவிலும் முன்பு மிதித்ததைவிட அதிகமாக மிதித்தாள்; தாங்கியது. ஒரு நிமிஷம் பதினாறரை. அவள் வாழ்நாளிலேயே அந்த வண்டியில் ஓட்டிய நல்ல சுற்று. தம்பி வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றான்.

அடுத்து சம்பந்தி போனார். வளைவுக்கு முன்னாலேயே பிரேக் போட்டு முடித்தார். கண் போகவேண்டிய இடத்தில் இருந்தது. ஒரு நிமிஷம் பதினாலு.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். அவர் இறங்கி நேரே அவளிடம் வந்து, எல்லோருக்கும் கேட்க, "எங்க சம்பந்தியம்மா சொல்லிக் குடுத்தது" என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அட்டவணையில் அவள் பெயர் ஒன்பதாவதாக இருந்தது. மேலே இருந்த எட்டும் இந்தச் சில மாதத்தில் வந்து சேர்ந்த புது வண்டிகள்.

கிளம்பும்போது தம்பி பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்துகொண்டு நின்றான். வண்டியை மேலும் கீழும் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும்.

"அக்கா, இந்த சீட்டு, ஹீட்டர், ஸ்பேர் டயர், ரேடியோ எல்லாத்தையும் கழட்டிட்டா அறுபது கிலோ குறையும். இன்னும் ஒரு விநாடி எடுத்திடலாம்."

"எடுத்தாலும் எட்டாவதுகூட வரமாட்டேன்."

"வரமாட்டதான்."

அவள் சாவியைத் திருப்பினாள். வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. சம்பந்தியின் வண்டி சத்தமில்லாமல் நழுவி முன்னால் போய்ச் சேர்ந்துகொண்டது.

"ரேடியோவை வேணா கழட்டு" என்றாள். "ஹீட்டரைத் தொடாதே. முழங்கால் வலிக்குது. ஏறு."